பயிற்சி மையம் வேண்டாம், புல் வாங்கிக் கொடுங்கள்

கணவரின் வேலைக்காகக் கானாவின் தலைநகர் அக்ராவில் குடியிருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. நாட்டின் வடக்கே பொல்கடாங்கா பக்கம் போனபோது, கிராமத்துப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து கூடை முடைவதைப் பார்த்திருக்கிறார். அவரும் இரண்டு தோழிகளும் கொஞ்சம் பணம் போட்டு, அந்தப் பெண்களுக்கு ஒரு பயிற்சி மையம் கட்டி, கூடைகளை ஆன்லைனில் வெளிநாடுகளுக்கு விற்றுத் தரலாம் என்று நினைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் பயிற்சி மையத்தை முதலில் மறந்துவிடுங்கள். அம்மாவையும் பாட்டியையும் பார்த்துச் சின்ன வயதிலேயே கை பழகியவர்கள் அவர்கள். கூடை முடைவதைப் பற்றி அக்ராவிலிருந்து போய்ச் சொல்லித்தர நம்மிடம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரித் திட்டங்களில் பணம் எதில் கரைகிறது என்று பாருங்கள்: கட்டடம், திறப்பு விழா, டி-ஷர்ட், மூன்று நாள் பயிலரங்கு, மதியச் சாப்பாடு. எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண் அதே கூடையை அதே சந்தையில் அதே விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருப்பார். அவருக்குக் குறைவது கைமுதல். அதோடு, முடைந்து வைத்தால் யாராவது நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள் என்கிற உறுதி. உங்கள் பணம் போகவேண்டிய இடம் அதுதான்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், விஷயம் புல்லிலிருந்தே தொடங்குகிறது.

பொல்கடாங்கா, கானாவின் 'அப்பர் ஈஸ்ட்' மாகாணத் தலைநகர். புர்க்கினா ஃபாசோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள நியாரிகா, சும்புருங்கு, ஷெரிகு, வெயா போன்ற கிராமங்களில் ஃப்ராஃப்ரா மக்கள் வழிவழியாகக் கூடை முடைகிறார்கள். உலகச் சந்தையில் இதற்குப் 'பொல்கா கூடை' என்றே பெயர். ஒரு காலத்தில் இதற்கு வேண்டிய நீளப்புல் வீட்டைச் சுற்றியே கிடைத்தது. காடு கழனியானது, வறண்ட காலத்தில் புதருக்குத் தீ வைக்கும் பழக்கம், மேய்ச்சல் என்று எல்லாம் சேர்ந்து அந்தப் புல்லை அரிதாக்கிவிட்டன. இன்று பெரும்பாலான புல் தெற்கே குமாசி வட்டாரத்திலிருந்து லாரியில் வருகிறது. தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல். அதாவது, இலவசமாகக் கிடைத்த மூலப்பொருள் இப்போது காசு கொடுத்து வாங்கும் சரக்கு. டீசல் விலை ஏறினால் புல் விலையும் ஏறும்.

புல் கட்டு வாங்கக் கையில் காசு இல்லாத பெண் என்ன செய்வார்? கூடை வாங்கும் வியாபாரியிடமே புல்லைக் கடனாக வாங்குவார். கடன் கொடுத்தவருக்குத்தான் கூடை போகவேண்டும், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. புல்லின் விலையும் அவர் சொல்வதுதான். கடன் வாங்காமல் சமாளித்தவருக்கும் சந்தையில் வேறொரு தொல்லை. பொல்கடாங்கா சந்தை மூன்று நாளைக்கு ஒருமுறை கூடும். காலையிலேயே கூடைகளைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார்கள். வரும்போதே மகனின் பள்ளிக் கட்டணமோ, வீட்டுக்கு வேண்டிய தானியமோ மனதில் ஓடிக்கொண்டிருக்கும். விற்காமல் திரும்ப முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும். அவர் காத்திருப்பார். வெயில் தாழத் தாழ விலையும் தாழும். பேரம் பேசத் தெரியாததால் அவர்கள் நஷ்டப்படுவதில்லை. காத்திருக்க வசதி இல்லாததால் நஷ்டப்படுகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, புல். அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும்போது மொத்தமாக வாங்கி, பொல்கடாங்காவிலேயே தரை ஈரம் ஏறாத ஓர் அறையில் பலகைமேல் அடுக்கி வையுங்கள். எலி வராத இடமாக இருக்கட்டும். பெண்கள் குழுவுக்கு அதைக் கணக்கு எழுதிக் கொடுங்கள். கூடை வரும்போது புல்லுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். புல்லின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்த கணக்காக இருக்கவேண்டும். குழுவில் படித்த பெண் ஒருவராவது இருப்பார். நோட்டு அவர் கையில் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம்.

சரி, கூலி எவ்வளவு? இதை யாரும் நேராகக் கேட்பதில்லை. 'சந்தை விலைக்கு மேல் கொடுக்கிறோம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். சந்தை விலையே அடிமாட்டு விலையாக இருக்கும்போது அதற்கு மேல் பத்து சதவீதம் என்பது ஒரு பேச்சா? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை முழுதாக முடிவதைப் பாருங்கள். ஒவ்வொரு புல்லையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கவேண்டும். பிளந்த பாதியை உள்ளங்கையில் வைத்து உருட்டி முறுக்கவேண்டும், முறுக்கினால்தான் உறுதி. நூற்றுக்கணக்கான தாள்களுக்கு இதைச் செய்த பிறகுதான் சாயம். கொதிக்கும் தண்ணீரில் சாயப்பொடியைக் கரைத்து, புல்லை முக்கி எடுத்து, உலர்த்துவார்கள். அதன் பிறகு அடிப்பாகம் பின்னி, பக்கங்களை மேலே திருப்பி, வடிவம் கொண்டுவந்து, விளிம்பு கட்டவேண்டும். கடைசியில் துருத்திக்கொண்டிருக்கும் நுனிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கவேண்டும். முடைவதைவிட இந்த வெட்டும் வேலைதான் சில சமயம் பொறுமையைச் சோதிக்கும். கைப்பிடிக்கு ஆட்டுத்தோல் சுற்றுவது தனி வேலை. அதைப் பெரும்பாலும் ஆண்கள் செய்கிறார்கள். நடுத்தர அளவுக் கூடை ஒன்றுக்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும், அதுவும் சமையல், தண்ணீர், பிள்ளைகள் நடுவில்.

கானாவில் 2025-ல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலி 19.97 செடி ('செடி' என்பது கானாவின் நாணயம்). அந்தக் கணக்கில் மூன்று நாள் வேலை என்றால் புல், சாயம், தோல் செலவு போக 60 செடியாவது கூலியாகவே அவர் கையில் நிற்கவேண்டும். இது தாராளம் இல்லை, சட்டப்படி அடிமட்டம். உங்கள் விலை இதற்குக் கீழே வந்தால், நீங்கள் செய்வதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள்.

விலையைச் செடியில் பேசுங்கள், டாலரில் பேசாதீர்கள். 2025-ன் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 15 செடி கிடைத்தது. சில மாதங்களில் செடி வலுவடைந்து பத்து, பதினொன்றுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டுக் கடைக்காரரிடம் டாலரில் விலை ஒப்புக்கொண்டு, பெண்களுக்குச் செடியில் கொடுத்தவர்களுக்கு அந்த வருஷம் மூச்சு முட்டியிருக்கும். அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு உங்கள் பங்கில் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். நாணய மாற்று விகிதம் ஏறி இறங்குவதை முடைபவரின் தலையில் கட்டக்கூடாது.

அடுத்தது பருவம். வடக்கே மழை மே மாத வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை பெய்யும், வருஷத்துக்கு ஒரே ஒரு மழைக்காலம்தான். மழையில் அத்தனை பேரும் வயலில் இருப்பார்கள். கம்பு, சோளம், நிலக்கடலை. அப்போது ஆர்டரோடு போய் நின்றால் நடக்காது, நடக்கவும் கூடாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி. வயலில் வேலை இருக்காது. அந்த மாதங்களில்தான் வடக்கிலிருந்து இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய் அக்ரா, குமாசி சந்தைகளில் தலைச்சுமை தூக்குகிறார்கள். அக்ரா சந்தைகளில் பெரிய அலுமினியத் தட்டோடு நிற்கும் அந்தப் பெண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்; 'கயாயேய்' என்பார்கள். ராத்திரி கடை வாசலில் படுத்துத் தூங்குகிறவர்கள். ஊரில் வறண்ட காலம் முழுவதும் கூடை வேலை இருந்தால் அவர்களில் சிலருக்காவது போகாமல் இருக்க ஒரு வழி கிடைக்கும். ஆகவே ஆர்டர் வரவேண்டியது நவம்பரில்.

இங்கேதான் சிக்கல். வெளிநாட்டில் கூடை நன்றாக விற்பது கிறிஸ்துமஸை ஒட்டி, கோடைக்காலமும் பரவாயில்லை. நவம்பர் விற்பனைக்குச் சரக்கு செப்டம்பரிலாவது கப்பல் ஏறியிருக்கவேண்டும். அதற்கு முன்னால் மழைக்காலம், யாரும் முடையமாட்டார்கள். அப்படியானால் கிறிஸ்துமஸ் கூடைகளை ஏப்ரலுக்குள் முடைந்து முடித்திருக்கவேண்டும். மார்ச்சில் முடைந்த கூடை டிசம்பரில் விற்றால், நடுவில் ஒன்பது மாதம். இந்த ஒன்பது மாதத்துக்கு யார் பணம் முடங்குகிறது என்பதுதான் முழு வியாபாரத்திலும் பெரிய கேள்வி. 'விற்றதும் பணம் தருகிறோம்' என்று சொல்லிக் கூடைகளை வாங்கிப் போகும் நல்லெண்ணக்காரர்கள் உண்டு. மார்ச்சில் வேலை செய்த பெண்ணை அடுத்த ஜனவரி வரை காக்க வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. சந்தை வியாபாரியாவது அன்று மாலை காசைக் கொடுத்துவிடுவார்!

நியாய வணிகம் (ஃபேர் டிரேட்) பேசுகிறவர்களிடம் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. உலக நியாய வணிக அமைப்பின் கொள்கைப்படி, கைவினைப்பொருள் ஆர்டர் கொடுப்பவர், தயாரிப்பாளர் கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும். அழகான வடிவமைப்பு யோசனைகளைவிட இந்த ஒரு விதியால் அதிகம் பேர் பிழைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் மூவரும் போடப்போகும் பணம் அந்த ஒன்பது மாதத்தைத் தாங்கட்டும். கட்டடத்தில் போட்டால் திரும்ப வராது. இதில் போட்டால் வருஷா வருஷம் சுற்றி வரும்.

இனி ஆன்லைன் விற்பனை. ஒரு கூடையை ஒரு டப்பாவில் வைத்து லண்டனுக்கோ சென்னைக்கோ கூரியரில் அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடையின் எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். டப்பா 40 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 35 உயரம். கூரியர்காரர் எடையை மட்டும் பார்க்கமாட்டார். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார். 56,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 11.2. ஆக, ஒரு கிலோ கூடைக்கு 11 கிலோவுக்குமேல் கட்டணம். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. கூடையைவிடக் காற்றுக்கு அதிகம் கொடுத்து வாங்க யாரும் தயாராக இல்லை. அதனால்தான் பொல்கா கூடைகள் பெரும்பாலும் மொத்தமாகக் கன்டெய்னரில், தேமா துறைமுகம் வழியாகப் போகின்றன. ஒன்றுக்குள் ஒன்று செருகி, நசுக்கி, தட்டையாக்கிக் கட்டுவார்கள். போய்ச் சேர்ந்தபின் வாங்கியவர் தண்ணீரில் நனைத்து, கையால் இழுத்து வடிவம் கொண்டுவந்து, உலர வைத்தால் பழையபடி ஆகிவிடும். பொல்கா கூடையின் பெரிய பலமே இதுதான். விறைப்பான பிரம்புக் கூடையை இப்படிச் செய்யமுடியாது.

ஆனால் ஈரத்தோடு கட்டிவிட்டால் அவ்வளவுதான். பொல்கடாங்காவிலிருந்து தேமாவுக்கு 800 கிலோமீட்டர் அளவு சாலைப் பயணம், அப்புறம் கடலில் வாரக்கணக்கில். கன்டெய்னருக்குள் பகல் வெப்பத்தில் ஈரம் ஆவியாகி, இரவில் கூரையில் படிந்து சொட்டும். பூஞ்சணம் பிடித்த கூடையைத் துடைத்து விற்கமுடியாது. அந்த நாற்றம் போகாது. கட்டுவதற்கு முன் நல்ல வெயிலில் காயவைப்பதும், தோல் கைப்பிடியின் உள்பக்கம் தொட்டுப் பார்ப்பதும் முக்கியம். புல் உலர்ந்திருக்கும், தோல் உலர்ந்திருக்காது, அங்கேதான் ஆரம்பிக்கும். சரக்கு போகும் நாட்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகளை முன்பே கேட்டுவையுங்கள். பூச்சிகளை அழிக்கப் புகைமூட்டியதற்கான சான்றிதழ் கேட்கலாம். சுங்கத்தில் கூடை 4602 என்ற தலைப்பில் வரும். வரிச்சலுகைகள் அவ்வப்போது மாறுபவை, ஆர்டர் எடுக்கும் வாரத்தில் சரக்கு முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று பேர் சேர்ந்து கன்டெய்னரை நிரப்ப முடியாது. தேவையும் இல்லை. ஏற்கெனவே ஏற்றுமதி செய்யும் கூட்டுறவோ நிறுவனமோ பொல்கடாங்காவில் இருக்கும். அவர்கள் கன்டெய்னரில் இடம் வாங்கிக்கொள்ளலாம். சட்டப் பக்கமும் இதுவே எளிது. கானாவின் 2013-ம் வருஷத்து முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், வெளிநாட்டவர் சரக்கு வாங்கி விற்கும் வணிக நிறுவனம் தொடங்க 10 லட்சம் டாலர் முதலீடு என்று வைத்தது. ஏற்றுமதிக்கென்றே தொடங்கும் நிறுவனத்துக்கு விலக்கு கொடுத்தது. அந்தச் சட்டம் மாறியிருக்கலாம் என்பதால் இன்றைய நிலையை வக்கீலிடம் கேளுங்கள். கணவரின் விசாவைச் சார்ந்து இருப்பவர் சம்பாதிக்க அனுமதி உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். சந்தையில் சில்லறை வியாபாரம் கானா மக்களுக்கே ஒதுக்கப்பட்டது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

புகைப்படம், இணையதளம், இன்ஸ்டாகிராம் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தரத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டுக் கடைக்காரர் 'நடுத்தரக் கூடை 200' என்று கேட்டால், அவருக்கு 200-ம் ஒரே அளவில் வேண்டும். கிராமத்தில் அளவு என்பது கை அளவு. ஆளுக்கு ஆள் மாறும். இதற்குப் பயிலரங்கு வேண்டாம். கெட்டிக் கம்பியில் வாய் அகலத்துக்கு ஒரு வளையம், உயரத்துக்குக் கோடு போட்ட ஒரு குச்சி. குழுவுக்கு ஒரு ஜோடி கொடுத்தால் போதும். வளையத்துக்குள் வாய் பொருந்துகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கறை ஏறினால் அந்தச் சாயம் வேண்டாம். வாங்கியவரின் ரொட்டியிலும் சட்டையிலும் அது ஏறும். கையுறையும் மூக்குத் துணியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கொதிக்கும் சாயப்பானை அருகே நிற்பது அவர்கள்தான். கூடையைத் தள்ளுபடி செய்வதானால் அதை முடைந்தவர் முன்னிலையில், காரணம் காட்டி, அங்கேயே செய்யுங்கள். அக்ராவுக்குக் கொண்டுபோய் 'இருபது கூடை சரியில்லை, பணம் பிடித்துக்கொண்டோம்' என்று போன் செய்தால் அதோடு உங்கள் பெயர் கெட்டது.

இந்த வழியில் உண்மையாகவே பெரிதாக வளர்ந்த ஒன்றைப் பார்க்கவேண்டுமானால் ருவாண்டாவைப் பாருங்கள். அங்கே 'அகசெகே' என்ற, கூம்பு மூடி வைத்த கூடை கல்யாணச் சீராகப் போகும் கௌரவமான பொருள். அந்த நாட்டின் அரசுச் சின்னத்திலேயே அது இருக்கிறது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு கணவரை இழந்த பெண்கள் ஏராளம். ஜேனட் ந்குபானா, ஜாய் ந்துங்குட்சே என்ற சகோதரிகள் ஹூட்டு, துட்சி இருதரப்புப் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்து முடையச் செய்து, கஹாயா லிங்க்ஸ் என்ற நிறுவனத்தைக் கட்டினார்கள். 2005-ல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் அவர்களிடம் வாங்கத் தொடங்கின. எல்லோரும் இதில் சமாதானக் கதையைத்தான் சொல்வார்கள். கதை உண்மைதான், கண்ணீர் வரவழைக்கும் கதையும்கூட. ஆனால் தொழிலாகப் பார்த்தால் முக்கியமானது வேறு. அந்தச் சகோதரிகள் வெளியிலிருந்து வந்த தொண்டர்கள் கிடையாது, அந்த மண்ணின் மொழி பேசுகிற வியாபாரிகள். ஒரு பெரிய வாங்குபவர் மீண்டும் மீண்டும் ஆர்டர் கொடுத்தார். பொருளும் வாங்குபவரின் வீட்டுக்கு ஏற்ப மாறியது. கூம்பு மூடிக் கூடையோடு, சுவரில் மாட்டவும் பழம் வைக்கவும் தோதான தட்டைக் கிண்ணங்களும் வந்தன. முறை மாறவில்லை: புல் கற்றையைச் சுருளாகச் சுற்றி, சிசால் என்ற கற்றாழை வகை நாரால் இறுக்கித் தைக்கும் அதே பழைய கைவேலை.

மூலப்பொருளைக் கவனிக்காவிட்டால் வெற்றியே வினையாகும் என்பதற்குப் போட்ஸ்வானா உதாரணம். ஒகவாங்கோ பகுதியில் எட்ஷா கிராமங்களின் ஹம்புகுஷு, பயேய் பெண்கள் மொகோலா பனையோலையில் முடையும் கூடைகள் 1970-களிலிருந்து வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கின. கோலங்களுக்கு 'ஒட்டகச்சிவிங்கியின் கண்ணீர்', 'வரிக்குதிரையின் நெற்றி', 'ஆமையின் முழங்கால்' என்றெல்லாம் பெயர். விற்பனை கூடக் கூடக் குருத்தோலை வெட்டு அதிகமாகி, கிராமத்தை ஒட்டிய பனைகள் நலிந்தன. பழுப்புச் சாயத்துக்கு வேர்ப்பட்டை உரிக்கப்பட்ட மரங்கள் அரிதாகி, பெண்கள் தொலைதூரம் நடக்கவேண்டி வந்தது. 1980-களிலேயே ஆய்வாளர்கள் இதை எச்சரித்தார்கள். உங்கள் வேலை நன்றாக நடந்தால், இரண்டாம் வருஷத்திலிருந்து புல்லை ஊர்ப்பக்கமே ஓடைக்கரையில் வளர்க்க ஒரு தொகை ஒதுக்குங்கள். லாரிக்காரரை நம்பியிருப்பதும் குறையும்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பது தனிப் பிரச்சினை. கூடையில் காசு தெரிய ஆரம்பித்ததும் பொல்கா பக்கம் ஆண்களும் பையன்களும் முடைய வந்துவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, யார் வேலை செய்தாலும் வேலைதான். ஆனால் பெண் முடைந்ததற்கான பணம் கணவரின் போனுக்குப் போனால், அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கானாவில் 2009 முதல் கைபேசிப் பணம் புழக்கத்தில் இருக்கிறது, கிராமத்திலும் சாதாரணம். சிம் கார்டு அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய உதவுவதுதான் நீங்கள் செய்யும் முதல் 'பயிற்சி'.

சேமிப்புக்கு நம்மூர் மகளிர் சுயஉதவிக் குழு போன்ற ஒன்று ஆப்பிரிக்காவிலேயே பிறந்து பரவியிருக்கிறது. 1991-ல் நைஜரில் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழு முறை அது. வங்கியே கிடையாது. ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். கூட்டம் கூடினால்தான் பெட்டி திறக்கும். வாரம் ஒவ்வொருவரும் பங்கு போடுவார்கள், தேவைப்பட்டவர் வட்டிக்கு எடுப்பார்கள், வருஷக் கடைசியில் வட்டியோடு எல்லோருக்கும் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். நீங்கள் போகும் கிராமத்தில் இப்படி ஒரு குழு முன்பே இருந்தால் நேராக அவர்களிடம் போங்கள். ஒருவரை ஒருவர் நம்பிப் பழகியவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். கூடைக்கென்று புதிதாகச் சங்கம் தொடங்கி, தலைவி, செயலாளர் தேர்தல் நடத்தி, அதில் சண்டை மூட்டிவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூடையை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. அதே மாகாணத்தில் சிரிகு என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் மண்சுவர்களில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் கோலங்கள் தீட்டுவது மரபு. மெலனி கசிசே என்ற பெண்மணி 1997-ல் அங்கே மட்பாண்டத்துக்கும் ஓவியத்துக்குமாக ஒரு மகளிர் அமைப்பைத் தொடங்கினார். பானை, கூடை, துணியில் தீட்டிய ஓவியம் எல்லாம் விற்கிறார்கள். வரும் பயணிகள் தங்க அறைகள் உண்டு, சுவர் தீட்டவும் பானை வனையவும் கற்றுத் தருகிறார்கள். அதாவது அங்கே ஆசிரியர் கிராமத்துப் பெண், மாணவர் வெளியூர்க்காரர், கட்டணம் மாணவரிடமிருந்து. பயிற்சி என்றால் இந்தத் திசையில் நடக்கவேண்டும். அதோடு, அக்ராவிலேயே எத்தனை ஹோட்டல்கள், அலுவலகங்கள், வெளிநாட்டுக் குடும்பங்கள்! துணிக்கூடை, குப்பைக்கூடை, விளக்குக் கூண்டு என்று அவர்களுக்கு விற்றால் கப்பலும் வேண்டாம், பூஞ்சணமும் வேண்டாம். ஆரம்பிக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

கூடையோடு ஒரு சீட்டு கட்டி 'இதை வாங்கி ஓர் ஏழைப் பெண்ணுக்கு உதவுங்கள்' என்று எழுதவேண்டாம். இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். அழகுக்கும் உழைப்புக்கும் வாங்குபவர் திரும்ப வருவார், விலையும் கூடக் கொடுப்பார். தென்னாப்பிரிக்காவின் ஹ்லபிசா பகுதியைச் சேர்ந்த பியூட்டி ந்க்ஸோங்கோ இலாலா பனையோலையில் முடையும் கூடைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமான பின்னல் அந்த ஜூலு மரபுடையது. அந்தக் கூடைகள் அவர் பெயரால் விற்கின்றன. பொல்காவிலும் ஒவ்வொரு கிராமத்திலும் 'அவர் கை தனி' என்று மற்றவர்களே சொல்லும் ஒருவர் இருப்பார். அவர் சம்மதித்தால் அவருடைய கூடைக்கு அவர் பெயரைப் போட்டு, தனி விலை வையுங்கள். எல்லோருக்கும் ஒரே விலை என்பது நியாயம்போலத் தெரியும், ஆனால் நன்றாக முடைபவரை அது சோம்பலாக்கும்.

முதல் ஆர்டர் இப்படி இருக்கட்டும். அக்டோபர் கடைசியில், அறுவடை முடியும் நேரத்தில் ஒரே ஒரு கிராமத்துக்குப் போங்கள். ஃப்ராஃப்ரா பேசும் பெண் ஒருவர் உடன் வரட்டும், சம்பளம் கொடுத்து. ஒரு குழு, இரண்டு அளவு, மூன்று நிறச்சேர்க்கை, அதுவும் அவர்களே தேர்ந்தது. புல்லை இறக்கிவிட்டு, கூலியில் பாதியை அன்றே கொடுங்கள். மூன்று வாரம் கழித்துப் போய் மீதியைக் கொடுத்துக் கூடைகளை எடுத்து வந்து, அக்ராவில் உங்களுக்குத் தெரிந்த ஹோட்டல்காரர், அலுவலகக்காரர் நான்கு பேரிடம் விற்றுப் பாருங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் டிசம்பரில் அதே குழுவுக்கு, அதே அளவில், இரண்டாவது ஆர்டர் போகவேண்டும். முதல் ஆர்டரோடு காணாமல்போன பலரை அவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டாவதுக்கும் நீங்கள் வந்து நின்றால்தான், எந்தக் கூடைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆகிறது, எந்த வியாபாரிக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதையெல்லாம் உங்களிடம் வாய் திறந்து சொல்வார்கள்.